கண்ணாடிக்குள் போகிற கத்தி

அன்புள்ள அக்காவுக்கு,

தாத்தா வைத்திருந்த மடக்குக்கத்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. மான்கொம்புப் பிடி. தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்துவிட்டது, கறுத்தும் போயிருக்கிறது. அடியில் ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும் பொறித்திருக்கிறார்கள். அப்பா இருந்தவரை பாக்கு நறுக்கவும் கயிறு அறுக்கவும் அதைத்தான் எடுப்பார். ஹட்டனில் கொடுத்துக் கறுப்பைப் போக்கி, பளபளப்பாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டலாம் என்றிருக்கிறேன். மனைவி சிரிக்கிறாள். ஒரு கத்தியின் மேல் இவ்வளவு பாசம் வைப்பது அசட்டுத்தனமா? இது அசலா, என்ன விலை போகும் என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், தலவாக்கலை, இலங்கை

அன்புள்ள தம்பி,

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நட்சத்திரமும் சிலுவையும் இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் முத்திரை. 1764இல் அவர்களுக்குக் கிடைத்தது. பேர்போன முத்திரை என்பதால் அதைப் போலியாக அடித்தவர்களும் இருந்தார்கள். அலகு கறுத்திருப்பதை வைத்து வயதைக் கணக்குப் போடாதீர்கள். துருப்பிடிக்காத எஃகு அதே ஷெஃபீல்டில் 1913இல் வந்துவிட்டாலும் அதற்குப் பிறகும் கார்பன் எஃகில் கத்தி செய்துகொண்டுதான் இருந்தார்கள். விலையை விற்கப் போகிறவன் கேட்கட்டும், உங்களுக்கு எதற்கு? மனைவி சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் கறுப்பைப் போக்கப் போகிறேன் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அது அழுக்கு என்று யார் சொன்னது? பாக்கிலும் தேயிலையிலும் இருக்கிற துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். அந்தக் கறுப்புப் படிந்த அலகில் செந்துரு அவ்வளவு சீக்கிரம் ஏறாது. உங்கள் தாத்தாவும் அப்பாவும் நறுக்கிய பாக்கு முழுக்க அந்த அலகில்தான் இருக்கிறது, அதைச் சுரண்டக் காசு கொடுக்கப் போகிறீர்கள்! போதாததற்கு மெஷின் சக்கரத்தில் வைப்பார்கள். தேய்ந்து மெலிந்த அலகு நொடியில் சூடேறிவிடும். முந்நூறு டிகிரியைத் தொட்டால் ஓரம் நீலம் பாரிக்கும், அதோடு கத்தியின் பதம் போயிற்று. அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. மாட்டி வைக்கிற கத்திக்குக் கூர் எதற்கு என்று கேட்பீர்கள். அங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை.

இந்தச் சண்டை சில நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. மலைநாட்டுச் சுற்றுலா விடுதி ஒன்றின் வரவேற்பறையில், தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்திகளுக்கு வார்னிஷ் அடித்து விசிறி மாதிரி சுவரில் மாட்டியிருந்தார்கள். கீழே பூச்சாடி. ஓரங்களைத் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் மொட்டை. உயர்நாட்டுத் தோட்டங்களில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை செடியைக் கவ்வாத்து வெட்டுவார்கள். ஒரே வீச்சில் வெட்டு சாய்வாக விழ வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் முனையில் தேங்காமல் வழியும். கத்தி மழுங்கினால் கிளை பிளந்து, பட்டை உரிந்து, அந்த வழியாக நோய் இறங்கும். அப்படிப்பட்ட கத்தியை மழுங்கவிட்டு அதற்கு மரியாதை செய்ததாக நினைக்கிறார்கள். கம்பளைப் பக்கம் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே கண்ணாடிக்குள் வைத்தால் அதில் நியாயம் உண்டு. உங்கள் வீட்டு ஹாலுக்கு அந்த நியாயம் கிடையாது.

என் அம்மாயி மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தவர். சுருக்குப்பையில் வெற்றிலையோடு ஒரு வில்லுக்கத்தி கிடக்கும். முத்திரையெல்லாம் யார் பார்த்தார்கள்? பிடியில் ஒரு பக்கம் உடைந்து, அந்த இடத்தில் தகரத்தை மடித்து ஆணி அடித்திருந்தது. கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை அளவாக வெட்டுவதும், கூடைக் கயிற்றைப் பிசிறு சீவுவதும், செருப்பு வாருக்கு ஓட்டை போடுவதும் அதில்தான். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஒரு கல் உண்டு, நடுவில் வழவழவென்று குழிந்திருக்கும். குடம் நிறைகிற நேரத்துக்குள் தீட்டி முடித்துவிடுவார்: கல்லைக் கையால் நனைத்து, அலகைப் படுக்கவைத்து, முதுகை மட்டும் லேசாகத் தூக்கி, ஒரு பக்கம் தள்ளி மறுபக்கம் இழுத்து. கடைசியில் வெற்றிலைக் காம்பின் மேல் அலகை வைப்பார். அழுத்த மாட்டார். காம்பு தானாக விழுந்தால் சரி, விழாவிட்டால் இன்னொரு குடம். 1973, 74 பஞ்சத்தில் பாண், அதாவது ரொட்டி, கிடைத்த நாட்களில், அதை வெட்டுவதற்கு முன்னும் இப்படித்தான் தீட்டுவார். மொட்டைக் கத்தி பாணை நசுக்கி உதிர்த்துவிடும், உதிர்ந்த தூள் யாருக்கு என்று எங்களுக்குள் அடிதடி நடக்கும்.

அந்தக் கத்தி இப்போது என்னிடம் இல்லை. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் எங்கள் மாமா குடும்பமும் சேர்ந்துபோயிற்று. தலைமன்னார் கப்பலுக்குப் புறப்பட்ட அன்று அம்மாயி கத்தியை மாமாவின் கையில் கொடுக்கவில்லை, கையில் கொடுத்தால் சண்டை வருமாம். இஸ்தோப்பில், வீட்டு முன்திண்ணையில், வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார், மாமா எடுத்து மடியில் செருகிக்கொண்டார். பல வருடம் கழித்துக் கோத்தகிரிக்குப் போனபோது மாமி அதே கத்தியால் ஆவின் பால் பாக்கெட்டைக் கீறிக்கொண்டிருந்தார். அலகு சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, தகரப் பிடி அப்படியே இருந்தது. கூட வந்த என் தங்கை, “ஐயோ, அம்மாயி கத்தியை இப்படியா வச்சிருக்கீங்க” என்று அழ ஆரம்பித்துவிட்டாள், ஊருக்குக் கொண்டுபோகக் கொடுங்கள் என்றும் கேட்டாள். மாமிக்கு அவள் ஏன் அழுகிறாள் என்றே விளங்கவில்லை. “இந்த வீட்டில இதை மாதிரி வெட்டுற கத்தி வேற இல்லையேம்மா” என்றார். கொடுக்கவும் இல்லை. நல்ல வேலை செய்தார்.

உங்கள் பாசத்தை நான் அசட்டுத்தனம் என்று சொல்லவே இல்லை, தம்பி. பாசம் இருக்கிறவர் அதை எடுத்துப் புழங்குங்கள் என்கிறேன். பஞ்சில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். கறுப்பு இருக்கட்டும், செந்துரு மட்டும் போகட்டும். மூட்டில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும், தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசுபிசுத்துப்போகும். சக்கரம் வேண்டாம், தண்ணீர் தெளித்த கல்லில் மெதுவாகத் தீட்டுங்கள். எலுமிச்சையோ மாங்காயோ வெட்டினால் உடனே கழுவி ஈரம் போகத் துடையுங்கள், உங்கள் ஊர்ப் பனிக்கு இரும்பு தாங்காது. கண்ணாடிச் சட்டம் போடுகிறவரிடம் முன்பணம் கொடுத்திருந்தால் போனால் போகட்டும். மூடும்போது விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய வில் படாரென்று அறையும்.