இலக்கியம்பட்டி வழக்கும் சீராய்வு மனுவும்

அன்புள்ள ஐயா,

நான் தருமபுரி அரசு சட்டக் கல்லூரி மாணவி. பஸ் இலக்கியம்பட்டியைத் தாண்டும்போதெல்லாம் அம்மா சொன்னதுதான் நினைவுக்கு வரும். 2000 பிப்ரவரி 2 அன்று, ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்ற செய்தி வந்ததும் அ.தி.மு.க.வினர் அங்கே ஒரு கல்லூரிப் பஸ்ஸைக் கொளுத்தினார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் எரிந்து இறந்தார்கள். குற்றவாளிகள் மூவருக்கும் தூக்கு சரிதான் என்று 2010-ல் சொன்ன உச்ச நீதிமன்றமே 2016-ல் அதை ஆயுள் தண்டனையாக்கியது. 2018-ல் வெளியே வந்துவிட்டார்கள். கட்சிக்காரர்கள் என்பதால் தப்பித்தார்கள் என்று வகுப்பில் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரே கோர்ட் இரண்டு விதமாகச் சொன்னால் எதை நம்புவது? ஓர் ஏழைக்கு இப்படி மறுவாய்ப்பு கிடைக்குமா?

ச., தருமபுரி

அன்புள்ள ச.,

உங்கள் வகுப்பின் கோபம் எனக்குப் புரிகிறது, அதில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் 2016-ல் நடந்ததையும் 2018-ல் நடந்ததையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். முதலாவது நீதிமன்றம் செய்தது, இரண்டாவது அரசு செய்தது. முதலாவது சரி, இரண்டாவது தவறு என்பது என் எண்ணம்.

கட்சியின் நிழல் இந்த வழக்கின் மீது விழவில்லை என்று நான் சொல்லவரவில்லை. அது விழுந்த இடம் கிருஷ்ணகிரி. விசாரணை முதலில் அங்கேதான் தொடங்கியது. அரசுத் தரப்புச் சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராக, முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சி ஆனார்கள். வழக்கு கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தபோது, இறந்த மாணவி ஒருவரின் தந்தை சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2003-ல் உயர் நீதிமன்றம் வழக்கைச் சேலத்துக்கு மாற்றி, முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னது. மகளைப் பறிகொடுத்த ஒருவர் கோர்ட் வாசலில் நிற்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தாலே எனக்கு ஆறவில்லை. 2007-ல் சேலம் கோர்ட் மூவருக்குத் தூக்கும் 25 பேருக்குச் சிறையும் விதித்ததற்குப் பின்னால் அந்த மனிதரின் பிடிவாதம் இருக்கிறது.

இனி தூக்கின் பாதை. செசன்ஸ் நீதிபதி தூக்கு என்று எழுதிவிட்டால் மட்டும் அது நிறைவேறாது. உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்த வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 366-ஆவது பிரிவு, இப்போதைய சட்டத்தில் 407. தண்டனை பெற்றவர் மேல்முறையீடே செய்யாவிட்டாலும் வழக்குக் கட்டு உயர் நீதிமன்றம் போயே தீரும். அங்கே இரண்டு நீதிபதிகளாவது சாட்சியங்களைப் புதிதாக எடைபோட வேண்டும், விடுதலைகூடச் செய்யலாம். அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றம். அதன் பிறகு, அதே நீதிமன்றத்தில் சீராய்வு மனு, அதாவது தன் தீர்ப்பைத் தானே மறுபடி பார்க்கக் கேட்கும் மனு.

நீங்கள் கேட்பது இந்தக் கடைசிப் படியைப் பற்றித்தான். சீராய்வு மனு பெரும்பாலும் நீதிபதிகளின் அறைக்குள்ளேயே முடிந்துவிடும். கட்டு சுற்றுக்குப் போகும், நீதிபதிகள் படிப்பார்கள், தள்ளுபடி என்று இரண்டு வரி வரும். வக்கீல் எழுந்து நின்று ஒரு வார்த்தை பேச இடமில்லை. தூக்கு வழக்குக்கும் இதே கதிதான் இருந்தது. இது நியாயமா என்று கேட்டுப் பல தூக்குக் கைதிகள் மனு போட்டார்கள். அந்தத் தொகுப்பில் தருமபுரி வழக்கின் மூவரும் இருந்தார்கள்.

2014 செப்டம்பர் 2 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. தூக்கு வழக்கில் சீராய்வைத் திறந்த நீதிமன்றத்தில், குறைந்தது மூன்று நீதிபதிகள், வாதம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். அதிகபட்சம் அரைமணி நேரம். சீராய்வு தள்ளுபடியாகி இன்னும் தூக்கிலிடப்படாமல் இருப்பவர்களும் ஒரு மாதத்துக்குள் மனுவை மீண்டும் திறக்கக் கேட்கலாம். அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தை முழுத் தீர்ப்பில் தேடிப் படியுங்கள். ஒரே கட்டைப் படிக்கும் இரண்டு நேர்மையான நீதிபதிகளில் ஒருவருக்கு ஆயுள் போதும் என்று தோன்றலாம், மற்றவருக்குத் தூக்கு என்று தோன்றலாம். போன உயிரைத் திருப்பித் தர முடியாது. உங்கள் முதல் கேள்வியை நீதிமன்றமே தன்னிடம் கேட்டுக்கொண்டது. தன் கை தவறக்கூடும் என்று ஒரு கோர்ட் ஒப்புக்கொண்டால்தான் அதை நான் நம்புவேன்.

அந்தக் கதவு வழியாகத்தான் தருமபுரி வழக்கு 2016 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் முன் வந்தது. கும்பல் வெறியில் நிதானம் இழந்து செய்தார்கள், அந்த மாணவிகள் மீது தனிப்பட்ட பகை எதுவும் இல்லை என்பது அவர்கள் கண்ட காரணம். இது எனக்கு முழுக்க உவப்பான காரணம் இல்லை. கும்பலில் சேர்ந்து செய்தால் குற்றம் குறையும் என்று நாளை ஒவ்வொரு கலவரக்காரரும் சொல்லக்கூடும். பெட்ரோல் தானாக வந்து ஊற்றிக்கொள்ளவில்லை. ஆனால் 1980-ல் பச்சன் சிங் வழக்கில் தூக்குக்கு ‘அரிதிலும் அரிதான வழக்கு’ என்ற அளவுகோலைத் தந்த அமர்வே, கடுமையான மனக் கொந்தளிப்பில் செய்த குற்றமா என்றும் பார்க்கச் சொல்லியிருக்கிறது. அதை எடைபோட்டது சட்டத்துக்கு உட்பட்டதுதான். குற்றம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆயுள் தண்டனையும் தண்டனையே. தூக்கே கூடாது என்பவன் நான். பிள்ளையை இழந்த பெற்றோரிடம் போய் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு வராது, என்றாலும் என் நிலைப்பாடு அதுதான்.

கோபம் போக வேண்டிய இடம் 2018 நவம்பர். எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டிய முன்விடுதலையில், தண்டனையைக் குறைக்க ஆளுநருக்கு அதிகாரம் தரும் அரசியல் சாசனத்தின் 161-ஆவது பிரிவைக் கொண்டு, அதே கட்சியின் அரசு அவர்களை வெளியே அனுப்பியது. ஆளுநர் ஒருமுறை திருப்பி அனுப்பிய கோப்பு மறுபடியும் போய்க் கையெழுத்தானது. ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கும் அதிகாரம் அது. ஆயுள் தண்டனையை இத்தனை ஆண்டுக்குக் குறைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் நிபந்தனை போடலாம், 2015 டிசம்பரில் அரசியல் சாசன அமர்வே அதை உறுதிசெய்தது. ஆனால் அந்த நிபந்தனைகூட 161-ஐக் கட்டுப்படுத்தாது. எரித்தவர்களும் விடுவித்தவர்களும் ஒரே கொடியின் கீழ் இருந்தார்கள் என்பதுதான் உங்கள் வகுப்பு பேச வேண்டிய விஷயம்.

ஏழைக்குக் கிடைக்குமா என்றீர்கள். அரைமணி நேர வாதம் சட்டப்படி எல்லோருக்கும் உண்டு. ஆனால் டெல்லியில் அந்த அரைமணியில் எதைச் சொல்வது? குற்றவாளியின் வீடு எப்படிப்பட்டது, மனநலம் எப்படி, சிறையில் எப்படி நடந்துகொண்டார் என்ற தகவல்கள் கீழ்க்கோர்ட்டிலேயே வழக்குக் கட்டில் ஏறியிருக்க வேண்டும். காசில்லாதவரின் வழக்குக் கட்டில் அவை இருப்பதில்லை. குற்றவாளி என்று காலையில் சொல்லி, மாலையில் தண்டனையை வாசித்துவிடும் வழக்கம் இருந்தது. அதனால்தான் 2022 மே மாதம், மனோஜ் வழக்கில், இந்த அறிக்கைகளை விசாரணைக் கட்டத்திலேயே வாங்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். நீங்கள் பயிற்சிக்காக மாவட்ட கோர்ட்டுக்குப் போகும்போது ஒரு கொலை வழக்கின் கட்டைக் கேட்டுப் பாருங்கள். அந்த அறிக்கைகள் உள்ளே இருக்கின்றனவா, குற்றம் சாட்டப்பட்டவருக்கு அரசு நியமித்த வக்கீல் அவற்றைக் கேட்டு மனு போட்டாரா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.