ஆறு மாதம் இரும்புச்சத்து மாத்திரை போட்டும் இரத்தம் ஏறவில்லை என்றால்

ஆறு மாதம் மாத்திரை போட்டும் பயனில்லை என்று கடிதம் எழுதிய வாசகிக்கு: ஹீமோகுளோபின் 10.4-இலேயே நிற்கிறது என்பதற்காக மாத்திரையின் அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம். முதலில், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் ஹீமோகுளோபின் பகுப்பாய்வும் செய்யும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

அம்மாவுக்கும் இதே கதைதான் என்று எழுதியிருப்பதால், தலசீமியா (ஹீமோகுளோபின் சரிவர உருவாகாத பரம்பரை இரத்தக் கோளாறு) மரபணுவைச் சுமப்பவராக நீங்கள் இருக்க வாய்ப்புண்டு. மலேசிய ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் தாய்மார்களின் சோர்வையெல்லாம் "இரத்தம் பத்தவில்லை" என்று முருங்கைக்கீரையோடு முடித்துவிட்டோம்.

சுங்கை சிப்புட் கிளினிக்கில் கொடுத்த அறிக்கைத் தாளில் எம்சிவி (சிவப்பணுக்களின் சராசரி அளவு) என்ற வரியைப் பாருங்கள். அது 80-க்குக் கீழே இருந்து, ஃபெரிட்டின் சரியாகவும் இருந்தால் ஐயம் வலுக்கும். பகுப்பாய்வில் ஹெச்பி ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை 3.5 விழுக்காட்டைத் தாண்டினால், தலசீமியாவின் ஆல்ஃபா, பீட்டா என்ற இரு வகைகளில் பெரும்பாலும் பீட்டா வகைதான்.

ஒன்றைக் கவனியுங்கள்: இரும்புச்சத்துக் குறைவு ஏ2 அளவைத் தாழ்த்திக் காட்டக்கூடும், ஆல்ஃபா வகையோ இந்தப் பகுப்பாய்வில் பெரும்பாலும் பிடிபடாது, அதற்கு மரபணுப் பரிசோதனை வேண்டும்.

மரபணுவைச் சுமப்பவர் நோயாளி அல்லர். ஆனால் தை மாதம் திருமணம் என்கிறீர்கள். இருவருமே பீட்டா வகையைச் சுமந்தால் ஒவ்வொரு கருவுக்கும் கடும் தலசீமியா வர 25 விழுக்காடு வாய்ப்புண்டு. ஆகவே, சாதகத்தோடு மாப்பிள்ளையின் இரத்த அறிக்கையையும் தயங்காமல் கேளுங்கள்.