முதல் கச்சேரிக்கு 150 நாற்காலி போதும்

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்கு வயது 27, கோவையில் ஐ.டி. வேலை. நண்பர்கள் நான்கைந்து பேர் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறார்கள். ஹால் பிடிப்பது, ஆள் சேர்ப்பது எல்லாம் நான்தான். இதையே தொழிலாக்க ஆசை. 6 லட்சம் சேமிப்பு இருக்கிறது. அம்மாவின் நகையை வைத்து இன்னும் கொஞ்சம் புரட்டி, கொடிசியா மைதானத்தில் பிரபலப் பின்னணிப் பாடகர் ஒருவரின் கச்சேரியை நடத்தினால் ஒரே நாளில் பெயர் வந்துவிடும் என்று நினைக்கிறேன். வேலையை விடலாமா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: அன்புள்ள தம்பி, அம்மாவின் நகை பீரோவிலேயே இருக்கட்டும். வேலையையும் இப்போது விட வேண்டாம். ஆசையை மட்டும் விட்டுவிடாதீர்கள். நண்பர்களுக்காக ஹால் தேடி அலைகிறீர்களே, அதுதான் இந்தத் தொழிலின் முதல் படி. நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டீர்கள்.

ஈவென்ட் மேனேஜ்மென்ட் வேறு, புரமோட்டர் வேறு. கம்பெனி விழாவுக்கு மேடை போட்டுக் கொடுப்பவருக்கு, நாற்காலி காலியாகக் கிடந்தாலும் பேசிய பணம் வந்துவிடும். புரமோட்டர் தன் கைப்பணத்தில் பாடகருக்கு அட்வான்ஸ் கொடுத்து, இடத்துக்கு வாடகை கட்டி, டிக்கெட் விற்றுத்தான் போட்டதை எடுக்க வேண்டும். மழை பெய்தால் அந்த நஷ்டமும் அவருடையதுதான்.

சின்னதாக ஒரு கணக்குப் போடுவோம். 150 பேர் உட்காரும் ஹால். வாடகை 15,000, சவுண்ட் செட் 18,000, ஐந்து பேர் பேண்டுக்கு 20,000, போஸ்டர், வண்டி, டீ, தண்ணீர் எல்லாம் 7,000. மொத்தம் 60,000. டிக்கெட் 399 ரூபாய் என்றால் ஹால் நிரம்பினாலும் 59,850தான் வரும். 499 என்று வைத்தால் 121 டிக்கெட் விற்றாக வேண்டும். முதல் நிகழ்ச்சிக்கு 90 பேர் வந்தாலே நல்ல கூட்டம். அப்போது வருவது 44,910. ஆகவே செலவை 45,000-க்குள் அடக்குங்கள். அடக்க முடியாவிட்டால் அந்தத் தேதியை விட்டுவிடுங்கள். 499 என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இசை நிகழ்ச்சிக்கு ஒருவருக்கான நுழைவுக் கட்டணம் 500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. உள்ளாட்சியின் கேளிக்கை வரி தனி. இரண்டையும் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவைக் குறைக்கும்போது கலைஞர்கள் சம்பளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். என் முதல் கச்சேரியில் அதைச் செய்தேன். பாதிச் செலவை ஏற்பதாக வாய் வார்த்தையாகச் சொன்ன ஸ்பான்சர், கடைசி வாரத்தில் போனை எடுக்கவில்லை. 200 சீட்டில் 70 ஓசி பாஸாகப் போயிருந்தது. டிரம்மருக்கு மூன்று வாரம் கழித்துத்தான் பணம் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ஆனால் அதன் பிறகு எனக்காக ஒருமுறைகூட வாசிக்கவில்லை. அன்றிலிருந்து, மேடையை விட்டு இறங்கியதும் அவரவர் கவரை அவரவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் நான் சாப்பிட உட்காருவேன். ஒரு பேண்டுக்கு நீங்கள் பணம் தந்த விதம் ஒரே வாரத்தில் ஊரில் எல்லாப் பேண்டுக்கும் தெரிந்துவிடும்.

மைதானம் வேண்டாம் என்று சொல்வது பணத்துக்காக மட்டும் இல்லை. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரியில் நடந்தது நினைவிருக்கும். ஆகஸ்டில் மழையால் தள்ளிப்போன நிகழ்ச்சி அது. கையில் டிக்கெட் வைத்திருந்த எத்தனையோ பேர் உள்ளே நுழையவே முடியாமல் திரும்பினார்கள். குழந்தைகளோடு வந்தவர்கள் நெரிசலில் தவித்தார்கள். பெரிய கூட்டத்தைச் சேர்ப்பதைவிட அதை உள்ளே விட்டு, உட்கார வைத்து, பத்திரமாக வெளியே அனுப்புவது பல மடங்கு கஷ்டம். எத்தனை வாசல், வண்டி எங்கே நிற்கும், ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்பதெல்லாம் 150 பேரை வைத்துப் பழகிய பிறகுதான் 1,500 பேருக்கு யோசிக்க வரும். இதில் தப்பு நடந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது, தம்பி.

அனுமதி விஷயம். போலீஸ், தீயணைப்புத் துறை இரண்டுக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டிலிருந்தே விதி. ஆகவே 9.30-க்குக் கடைசிப் பாட்டு. நண்பர்கள் நடுவில் சினிமாப் பாட்டும் பாடுவார்கள் என்றால் ஐ.பி.ஆர்.எஸ். என்ற பாடல் உரிமைச் சங்கத்திடம் உரிமம் வாங்குங்கள். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் போக வேண்டிய பங்கு அது. 2017-இல் எஸ்.பி.பி.யின் வெளிநாட்டுக் கச்சேரிகளுக்கே, தன் பாடல்களை அனுமதியில்லாமல் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது.

சரி, எங்கே ஆரம்பிப்பது? ஊரில் நல்ல சவுண்ட் செட் வைத்திருப்பவர் ஒருவரைப் பிடியுங்கள். சனி, ஞாயிறுகளில் அவரோடு போங்கள். கோயில் திருவிழா, கல்லூரி கல்ச்சுரல்ஸ் எதுவானாலும் சரி, கேபிள் சுருட்டுங்கள். எந்தப் பேண்ட் சொன்ன நேரத்துக்கு வரும், யார் சவுண்ட் செக்கில் இரண்டு மணி நேரம் இழுப்பார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அப்புறம், மாதத்தின் ஒரு குறிப்பிட்ட சனிக்கிழமையில், ஒரே ஹாலில், ஆறு மாதம் விடாமல் நடத்துங்கள். நம் சபாக்களைப் பாருங்கள். மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கியது. இன்றும் மார்கழி பிறந்தால் ஆட்கள் தானாக வருகிறார்கள் என்றால், தேதியும் இடமும் அவர்களுக்குப் பழகிவிட்டது. வருகிறவர்களின் போன் நம்பரை அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டாம் முறை வருபவரைப் பெயர் சொல்லி வரவேற்றுப் பாருங்கள், மூன்றாம் முறை அவர் நான்கு பேரைக் கூட்டி வருவார். ஆறாவது மாதம் அந்த நோட்டில் 300 பேர் இருந்தால், வேலையை விடுவது பற்றி மறுபடி பேசலாம்.

ஹால் தேதி முடிவானதும் எனக்கு எழுதுங்கள். பாஸ் எதுவும் எடுத்து வைக்க வேண்டாம். 499 ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறேன்.