ஜெல்லுக்குள் குமிழி ஏன்?

கேள்வி: ஜெல் செய்ய, ஒன்றில் டெட்ரசோல் (நான்கு நைட்ரஜன் கொண்ட வளையம்) முனை, மற்றதில் அதனுடன் இணையும் மாலிமைடு முனை கொண்ட இரு பெக் (பாலிஎத்திலீன் கிளைகால்) பாலிமர்களை (நான்கு கிளை, மூலக்கூறு எடை 20,000 டால்டன்) தலா 5 சதவீதம் நீரில் கலந்து, 2 மி.மீ. ஆழக் கண்ணாடி அச்சில் யுவி (புற ஊதா) ஒளி காட்டுகிறேன். நன்றாக ஒளிர்கிறது. ஆனால் உள்ளே குமிழிகள், அடியில் திரவம். வெற்றிடத்தில் காற்றை நீக்கியும் பயனில்லை.

பதில்: அது காற்றே இல்லை. ஒளி பட்டதும் டெட்ரசோல் ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உதறி, நைட்ரைல் இமின் என்ற வினைத்திறன் மிக்க இடைப்பொருள் ஆகிறது. அது மாலிமைடுடன் சேர்ந்து ஒளிரும் பைரசோலின் வளையமாகிறது. உங்கள் கலவையில் டெட்ரசோல் 10 மில்லிமோலார் (லிட்டருக்கு 10 மில்லிமோல்). முழுதும் வினைபட்டால் 1 மி.லி. ஜெல்லுக்குக் கிட்டத்தட்ட கால் மி.லி. வாயு! நீரில் கரைவதோ சுமார் 0.6 மில்லிமோலார்தான். கண்ணாடிக்குப் பதில் வாயு கசியவிடும் சிலிக்கோன் அச்சு, அரை மி.மீ. தடிமன், மங்கலான ஒளி, கூடுதல் நேரம் என்று மாற்றுங்கள். வாயு மெல்ல வெளியேறிவிடும்.

அடியில் திரவம் நிற்பதற்கும் தடிமனே காரணம். டெட்ரசோல் உச்சமாக உறிஞ்சும் அலைநீளத்தில், இந்தச் செறிவில் முதல் 0.1 மி.மீ.க்குள்ளேயே 90 சதவீத ஒளி தீர்ந்துவிடும். உறிஞ்சல் குறைவான நீள அலைப்பக்கத்துக்கு நகருங்கள். இரு புறமும் ஒளி காட்டுங்கள்.

ஒளிர்வை மட்டும் நம்பாதீர்கள். ஒரே முனையில் இணைந்து தொங்கும் சங்கிலியும் ஒளிரும். ஒரு நாள் நீரில் ஊறவைத்து, உலர்த்தி எடை பார்த்து, போட்ட பாலிமர் எடையுடன் ஒப்பிடுங்கள். ஊறிய நீர் ஒளிர்ந்தால் வலையில் சிக்காத பாலிமர் கழன்று வருகிறது. பி.எச். 7-ஐத் தாண்ட வேண்டாம், மாலிமைடு சிதையும்.