குதிரைக்கு இருமலே இல்ல, ஆனா ரேஸ்ல மட்டும் பின்தங்குது, நுரையீரல் பிரச்சனையா இருக்குமா?

தீவனம் நல்லா தின்னுது, காய்ச்சல் இல்ல, கால்லயும் ஒண்ணும் இல்ல, வெட் (கால்நடை டாக்டர்) ஸ்டெதஸ்கோப் வச்சுப் பாத்துட்டு ஓகேன்னுட்டார், ஆனா கடைசி 400 மீட்டர்ல அப்படியே தளந்துடுதுன்னு கேட்டிருக்கீங்க. இந்நேரம் ஜாக்கி மேல சந்தேகம் வந்திருக்கும். தயவுசெஞ்சு முதல்ல மூச்சுக்குழாயப் பாருங்க.

நான் டாக்டர் இல்ல, லாயத்துல வேலை பாக்குறவன், டாக்டருங்கள குறை சொல்றேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. சும்மா நிக்கிற குதிரை நிமிஷத்துக்கு 8லேருந்து 16 மூச்சுதான் விடும், அதுல ஸ்டெதஸ்கோப்ல என்ன கேட்டுடும்? அதே குதிரை கேலப் (முழு வேகப் பாய்ச்சல்) போறப்ப ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு, நிமிஷத்துக்கு 120 தாண்டிடும், வாயால மூச்சு விட அதுக்கு வராது, மூக்கு ஒண்ணுதான் வழி. உள்ள லேசா வீக்கமும் சளியும் இருந்தாக்கூட அங்கதான் மாட்டும். இதத்தான் இப்ப மைல்டு ஆஸ்துமாங்கறாங்க, முன்னாடி ஐஏடி, அதாவது மூச்சுக்குழாய் அழற்சி நோய்ன்னாங்க.

ஊட்டி ரேஸ் சீசன்ல எங்ககிட்ட ஒரு நாலு வயசு ஃபில்லி (இளம் பெண் குதிரை), தோல் பளபளன்னு மின்னும், பாத்தா யாரும் நோயாளின்னு சொல்ல மாட்டாங்க. அதோட சைஸ் (குதிரையப் பராமரிக்கிறவர்) அண்ணன்தான் "சார், டிராட் (மெதுவோட்டம்) ஆரம்பிக்கிறப்ப ஒரே ஒரு தடவ இருமுது, வொர்க் (பயிற்சி ஓட்டம்) முடிஞ்சும் மூச்சு சீக்கிரம் அடங்க மாட்டேங்குது"ன்னு டிரெயினர்கிட்ட சொல்லிட்டே இருந்தார், ஒருத்தரும் காதுல வாங்கல. நான் விடாம கேட்டு, வேகமான வொர்க் முடிஞ்சு ஒரு மணி நேரத்துக்குள்ள எண்டோஸ்கோப்பி போட வச்சேன். ஸ்க்ரீன்ல மூச்சுக்குழாயோட அடிப்பக்கம் வெள்ளச் சளி திட்டுத்திட்டா, கொஞ்ச தூரத்துல ஒண்ணா சேந்து ஓடுது. ரத்தம் இல்ல. அப்புறம் மயக்க ஊசி போட்டு, மூக்கு வழியா டியூப் விட்டு சலைன் உள்ள அனுப்பி திரும்ப உறிஞ்சி எடுத்தாங்க, அதான் பிஏஎல். மேல நுரை நின்னா சாம்பிள் ஆழத்துலேருந்து வந்திருக்குன்னு டாக்டர் காட்டினார். அந்தச் சாம்பிள்ல இருக்குற செல்லுங்கள எண்ணுவாங்க, அதுல நியூட்ரோஃபில்ங்கற வெள்ளணு 10 சதவீதத்துக்கு மேல, இல்ல மாஸ்ட் செல்லோ ஈசினோஃபிலோ 5க்கு மேல போனா சந்தேகமே வேணாம். எங்களுக்கு நியூட்ரோஃபில் எகிறி இருந்துச்சு.

"ஒரு இருமலுக்கு இவ்ளோ செலவா"ன்னு கேப்பீங்க. ஒரு இருமல சும்மா விடாதீங்க, நோய் இருக்குற குதிரைங்கள்ல நெறைய குதிரை இருமாமலே இருக்கும், ஆனா இருமிச்சுன்னா உள்ள ஏதோ இருக்குன்னு பெரும்பாலும் நம்பலாம். குதிரைக்கு லட்சக்கணக்குல குடுக்குற ஓனருங்க இந்த டெஸ்ட்டுன்னா யோசிக்கிறாங்க, மாச பில்லையும் இழுத்தடிக்கிறாங்க, அதனால சைஸ் சம்பளம் தள்ளிப்போகுது, அவங்க பிள்ளைங்களுக்கு ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுவா? நோய முதல்ல பாக்குறது சைஸ்ங்கதான், அவங்க பேச்சுக்குத்தான் மதிப்பே இல்ல.

காரணம் முக்கால்வாசி தூசிதான். காஞ்ச புல்ல தண்ணில நனைச்சு தரையில வச்சுக் குடுங்க, தலைய குனிஞ்சு தின்னா சளி தானா இறங்கும். நனைச்சத அன்னைக்கே தீத்துடணும், நம்ம வெயிலுக்கு புளிச்சிடும். லாயம் கூட்டுறப்ப குதிரைய வெளிய கட்டுங்க. ஸ்டீராய்டு டாக்டர் சொன்னா மட்டும், அதுவும் ரேஸ் தேதிய அவர்கிட்ட சொல்லிட்டு, இல்லன்னா டோப் டெஸ்ட்ல மாட்டிக்குவீங்க.