கணினி மொத்தமும் டோர் வழியே: வாசகர் கேள்விகள், பதில்கள்

லினக்ஸ் கணினியில் டோர் உலாவி இருக்கிறது. உலாவி மட்டுமில்லாமல் எல்லா மென்பொருள்களின் இணைப்பும் டோர் வழியே போக என்ன செய்வது?

டோர் உங்கள் இணைப்பை ரிலேக்கள் எனும் தன்னார்வலர் கணினிகள் வழியே அனுப்பி ஐபி முகவரியை மறைக்கிறது. உலாவியோடு வரும் டோர் 9150 போர்ட்டில் (இணைப்புகளை ஏற்கும் எண்ணிட்ட வாசல்) உலாவிக்காக மட்டும் ஓடுகிறது. டோரைத் தனிச் சேவையாக நிறுவுங்கள். டெபியன், உபுண்டு இரண்டிலும் அது ‘டெபியன்-டோர்’ என்ற தனிப் பயனர் பெயரில் ஓடும். இந்தப் பெயர்தான் பின்னால் ஃபயர்வாலுக்கு அடையாளம். டோரின் அமைப்புக் கோப்பில் டிரான்ஸ்போர்ட் 9040, டிஎன்எஸ்போர்ட் 5400 என்று எழுதுங்கள். முதலாவது மற்ற மென்பொருள்களின் இணைப்புகளை ஏற்கும்; இரண்டாவது டிஎன்எஸ் கேள்விகளை, அதாவது ஒரு தளப் பெயருக்கு ஐபி முகவரி எது என்ற கேள்விகளை ஏற்கும். பல வழிகாட்டிகளில் டிஎன்எஸ்ஸுக்கு 5353 என்றிருக்கும். அது உள்ளூர் நெட்வொர்க்கில் கருவிகளைத் தேடும் அவாஹி சேவை பயன்படுத்தும் போர்ட், மோத வாய்ப்புண்டு. ஆனியன் முகவரிகளும் (டோர் வழியே மட்டும் திறக்கும் தளங்கள்) வேண்டுமென்றால், அவற்றுக்குத் தற்காலிக ஐபி தரும் ஆட்டோமேப் வசதியை இயக்கி, மெய்நிகர் முகவரி வரம்பாக 10.192.0.0/10 கொடுங்கள்.

அடுத்தது லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸ். அதன் நாட் அட்டவணை பாக்கெட்டுகளை வேறு இடத்துக்குத் திருப்புவது; அதிலுள்ள அவுட்புட் சங்கிலி, கணினியிலிருந்து வெளியே போகும் பாக்கெட்டுகளுக்கான விதிப்பட்டியல். அங்கே விதிகளின் வரிசை மாறினால் அமைப்பு சரியாக வேலை செய்யாது. முதல் விதி: டெபியன்-டோர் பயனரின் பாக்கெட்டுகளைத் தொடாமல் விடு. இது இல்லையென்றால் டோரின் சொந்த இணைப்பே டோருக்குள் திரும்பி வந்து சுற்றும். டிசிபி, யுடிபி இரண்டும் தரவை அனுப்பும் முறைகள். பிறகு, யுடிபி 53-க்குப் போவதை (டிஎன்எஸ் கேள்விகள்) 5400-க்குத் திருப்பு, 10.192.0.0/10-க்குப் போகும் டிசிபியை 9040-க்குத் திருப்பு. லூப்பேக்கையும் (கணினி தனக்குத்தானே பேசும் வழி) வீட்டு நெட்வொர்க்கையும் விடு. மிச்சமுள்ள புதிய டிசிபி இணைப்புகளையெல்லாம் 9040-க்குத் திருப்பு.

இதோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். எதை விடுவது, எதைத் தடுப்பது என்று முடிவு செய்யும் ஃபில்டர் அட்டவணையில் அவுட்புட்டின் இயல்புக் கொள்கையை ‘டிராப்’ (தடுத்துவிடு) ஆக்கி, டெபியன்-டோர், லூப்பேக், வீட்டு நெட்வொர்க் மூன்றை மட்டும் அனுமதித்தால்தான் வேலை முடியும். அப்போதுதான் டோர் நின்றுபோனால் இணையமும் நிற்கும்.

சோதனைப் பக்கம் ‘டோர் வழியாக வந்திருக்கிறீர்கள்’ என்கிறது. வேறு சில தளங்களில் என் உண்மையான ஐபி தெரிகிறதே?

முதலில் புதிய வகை ஐபி முகவரியான ஐபிவி6-ஐப் பாருங்கள். ஐபிடேபிள்ஸ் ஐபிவி4-க்கு மட்டுமே. ஐபிவி6-க்கு ஐபி6டேபிள்ஸ் தனி. லூப்பேக் தவிர அங்கே எல்லாவற்றையும் டிராப் செய்யுங்கள். அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் பழைய இணைப்புகள். நாட் அட்டவணை ஓர் இணைப்பின் முதல் பாக்கெட்டை மட்டுமே பார்க்கிறது. விதிகளை ஏற்றுவதற்கு முன்பே திறந்திருந்த இணைப்பு நேர்வழியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே நெட்வொர்க் எழும் முன்பே விதிகள் ஏறும்படி வையுங்கள்.

மற்ற தளங்கள் திறக்கின்றன, ஆனியன் முகவரி மட்டும் திறக்கவில்லை.

‘வீட்டு நெட்வொர்க்’ என்று 10.0.0.0/8 முழுவதையும் விலக்கியிருப்பீர்கள். டோர் ஆனியன் பெயர்களுக்குத் தரும் தற்காலிக முகவரியும் அதற்குள்தான் வருகிறது. மேலே சொன்ன 10.192 விதி விலக்குக்கு முன்னால் வரவேண்டும். இன்னொன்று: சாதாரண ஃபயர்ஃபாக்ஸ் ஆனியன் பெயர்களைத் தானாகவே மறுத்துவிடும்.

பிங் போகவில்லை, வீடியோ அழைப்பும் இல்லை. எங்கே தவறு?

தவறில்லை. டோர் டிசிபியை மட்டும் சுமக்கிறது. டிஎன்எஸ் கேள்விகள் மட்டும் டோரே பதில் தேடித் தருவதால் பிழைக்கின்றன. வீடியோ அழைப்புகள் பெரும்பாலும் பயன்படுத்தும் யுடிபி, பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி எதுவும் போகாது. வெளியூர் சர்வருக்கு பிங் போனால்தான் கவலைப்பட வேண்டும்.

கணினியை அணைத்துப் போட்டால் டோர் இணைய மறுக்கிறது. விண்டோஸும் இதே கணினியில் இருக்கிறது.

கடிகாரத்தைப் பாருங்கள். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும். லினக்ஸ் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்ளும். இந்தியாவிலும் இலங்கையிலும் ஐந்தரை மணி நேரம் பிசகும். டோரின் ரிலே பட்டியல் மணிக்கொரு முறை வருவது, மூன்று மணி நேரம் செல்லுபடியாவது. பிசகிய கடிகாரத்துக்கு அது காலாவதியானதாகத் தெரியும். நேரத்தைத் திருத்தும் என்டிபியோ யுடிபி 123; அதை நீங்களே அடைத்துவிட்டீர்கள். டோர் தொடங்கும் முன் நேரத்தைக் கையால் சரிசெய்யுங்கள். விண்டோஸையும் யுடிசிக்கு மாற்றிவிட்டால் தொல்லை தீரும்.

இப்போது நான் முழுமையாக முகமற்றவன்தானே?

இல்லை. மறைந்தது ஐபி மட்டும். வழக்கமான குரோமில் உங்கள் பெயருள்ள மின்னஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்து டேபில் ரகசியமாக எதையோ தேடினால், இரண்டும் ஒரே சர்க்யூட்டில் (ரிலேக்களின் ஒரே தொடரில்) போகலாம். டோர் ஒரு சர்க்யூட்டில் முதல் பத்து நிமிடம் வரை புதிய இணைப்புகளை ஏற்றிக்கொண்டே இருக்கும். குக்கீகளும் உலாவியின் கைரேகையும் (அதைத் தனித்து அடையாளம் காட்டும் அமைப்பு விவரங்கள்) அப்படியே இருக்கின்றன. ஹெச்டிடிபிஎஸ் மறையாக்கம் இல்லாத தளமென்றால் வெளியேறும் ரிலேயை நடத்துபவர் எல்லாவற்றையும் படிக்கலாம்.

உலாவுவதற்கு டோர் உலாவிதான் சரி; அது தளத்துக்குத் தளம் சர்க்யூட்டைப் பிரிக்கிறது. ஆனால் இந்த அமைப்புக்குள் அதை அப்படியே இயக்கினால் டோருக்குள் டோர் ஓடும்: மெதுவாகும், ஒரே ரிலே இரண்டு முறை வரவும் கூடும். உலாவியின் சொந்த டோரை நிறுத்தி, தனிச் சேவையாக ஓடும் டோரின் 9050 சாக்ஸ் போர்ட்டை (மென்பொருள்கள் டோரோடு நேரடியாக இணையும் வாசல்) அதற்குக் காட்டுங்கள்.

டோரண்ட் இறக்கலாமா?

வேண்டாம். பல டோரண்ட் மென்பொருள்கள் உங்கள் உண்மையான ஐபியை டிராக்கருக்கான (கோப்பைப் பகிர்வோரை இணைத்துவைக்கும் சர்வர்) செய்திக்குள்ளேயே எழுதி அனுப்பும். டோர் அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தன்னார்வலர்களின் ரிலேக்களுக்கும் அது வீண் சுமை.

இவ்வளவும் செய்யாமல் எளிய வழி உண்டா?

உண்டு, பெரும்பாலானவர்களுக்கு அதுவே நல்லது. அவ்வப்போது மட்டும் தேவையென்றால் 8 ஜிபி பென்டிரைவில் டெயில்ஸ்: பென்டிரைவிலிருந்தே தொடங்கி, எல்லா இணைப்பையும் டோர் வழியே அனுப்பும் இயங்குதளம். தினமும் என்றால் ஹூனிக்ஸ்: அதில் இரண்டு மெய்நிகர் கணினிகள், டோர் ஒன்றில், நீங்கள் வேலை செய்வது மற்றொன்றில். வேலைக் கணினிக்கு உங்கள் பொது ஐபியே தெரியாது. ஆகவே அதற்குள் ரூட் அதிகாரம் (கணினியின் முழுக் கட்டுப்பாடு) பெற்ற தீநிரலால்கூட ஐபியை எளிதில் கசியவிட முடியாது. ஒரே கணினியில் ஐபிடேபிள்ஸ் எழுதினால் ரூட் கைக்குப் போனதுமே விதிகளும் போய்விடும். ஆண்ட்ராய்டில் ஆர்பாட் என்ற டோர் செயலியின் விபிஎன் முறை போதும். அங்கே எல்லாச் செயலிகளையும் சேர்க்காமல் வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுங்கள்; வங்கிச் செயலி வெளிநாட்டு ஐபியைக் கண்டால் கணக்கை முடக்கக்கூடும்.