தாத்தாவின் டிஸ்சார்ஜ் காகிதம்

கேள்வி: பர்மா சண்டைக்குப் போன என் தாத்தாவின் காகிதங்கள் ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தன. நகல் அனுப்பியிருக்கிறேன். 1945-இல் 'இன்வாலிடட்' என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அவருடைய சர்வீஸே செல்லாது என்று ஆக்கிவிட்டார்களா? மருத்துவத் தாளில் ஒருமுறை 'எம்.டி.', பிறகு இரண்டு முறை 'பி.டி.' என்று இருக்கிறது. எம்.டி. என்றால் மென்டலா? 'கிறுக்குப் பிடிச்சு ஓடி வந்தவன்' என்று ஊரில் சொல்லக் கேட்டே அப்பா வளர்ந்தார். சித்திரை வெயிலிலும் தாத்தா ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு நடுங்குவாராம்.
- வாசகர், சேரன்மகாதேவி

பதில்: ஓடி வந்தவர் கையில் இந்தக் காகிதம் இருக்காது, தம்பி. முதலில் அதை அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

பட்டாளத்தில் இன்வாலிடட் என்றால், உடம்பு இனித் தாங்காது என்று மெடிக்கல் போர்டு பார்த்து வீட்டுக்கு அனுப்பியது. அவர் செய்த சர்வீஸ் சர்வீஸ்தான். பட்டாள ரிக்கார்டு ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் கிளார்க்காக இருந்தேன். இந்த ஒரு சொல்லைப் பார்த்துப் பதறிப்போய்க் கடிதம் எழுதிய பிள்ளைகள் எத்தனையோ பேர்.

எம்.டி. என்பது மாலிக்னன்ட் டெர்ஷியன், ஆளையே கொண்டுபோகிற ஃபால்சிபாரம் மலேரியா. பி.டி. என்பது பினைன் டெர்ஷியன், அதாவது விவாக்ஸ் மலேரியா. இது ஈரலில் பதுங்கிக் கிடந்து, மாசக்கணக்கு கழித்துத் திரும்பவும் குளிரைக் கிளப்பும். அந்த ஜமுக்காளத்துக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

கிறுக்கு என்ற பேச்சு எங்கிருந்து வந்திருக்கும்? எம்.டி. மூளையைத் தாக்கினால் மனுஷன் பிதற்றுவான். மலேரியாவைத் தடுக்க அப்போது தினமும் விழுங்க வைத்த மெப்பாக்ரின் மாத்திரையும் சிலருக்குப் புத்தியைத் தடுமாற வைத்தது. ஆனால் உங்கள் தாளில் மனநோய் என்று ஒரு வரிகூட இல்லை.

அந்த மாத்திரை தோலையும் மஞ்சளாக்கும். என் அப்பா பர்மாவிலிருந்து அப்படித்தான் வந்து இறங்கினார். காமாலை என்று சொல்லி ஊரே கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததாம். 'கண்ணு மட்டும் பால் மாதிரி வெள்ளையா இருந்துச்சு' என்பாள் அம்மா.

அப்புறம், 'அட்ரிபியூட்டபிள்' என்ற சொல்லைத் தேடுங்கள். நோய் பட்டாள வேலையால் வந்ததா என்பதற்கு போர்டு எழுதிய பதில் அதன் பக்கத்தில் இருக்கும். டிஸெபிலிட்டி பென்ஷனுக்கு அதைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள்.

மேற்கொண்டு விசாரிக்க சர்வீஸ் நம்பர் வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூர் பக்கம் வெலிங்டனுக்கும், மெட்ராஸ் சாப்பர்ஸ் (பட்டாளத்து இன்ஜினியர் படை) என்றால் பெங்களூருக்கும், அங்கே உள்ள ரிக்கார்டு ஆபீஸ் பேருக்கு எழுதுங்கள். பேரை மட்டும் எழுதினால் போதாது. நம் பக்கம் சுடலைமுத்து ஊருக்கு நாலு பேர். ஊர்ப்பெயரை 'டின்னவெல்லி', 'ஷெர்மாதேவி' என்ற அந்தக் காலத்து எழுத்திலும் சேர்த்துக் கொடுங்கள்.

காகிதத்தை லேமினேட் செய்துவிடாதீர்கள். நகலில் 'கேரக்டர்', அதாவது நடத்தை, என்ற கட்டம் மடிப்புக்குள் மறைந்திருக்கிறது. மெதுவாக நீவி விரித்து, அந்த இடத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள்.